பேசின் பிரிட்ஜில் ஒரு செர்ரி மரம்

வடக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ சென்னைக்கு ரயிலில் வருகிறவர்களுக்கெல்லாம் பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனைத் தெரியும். பெட்டி படுக்கைகளை வாசலருகே கொண்டுவந்து அடுக்கி, குழந்தைகளுக்குச் செருப்பு மாட்டி, "சென்ட்ரல் வந்துவிட்டது" என்று எல்லோரும் எழுந்து நின்ற பிறகு, வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிடும். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், சில நாட்களில் அரை மணி. எட்டிப் பார்த்தால் தண்டவாளங்கள். அவற்றுக்கு அப்பால் குளித்துக்கொண்டிருக்கும் ரயில் பெட்டிகள். அதற்கும் அப்பால் ஒரு மதில். கூடூர்ப் பாதையும் அரக்கோணம் பாதையும் பிரிகிற இடம் இதுவாகையால், வண்டிகள் இங்கே ஒன்றுக்கொன்று வழிவிட்டாக வேண்டும். பிரயாணிகள் அலுத்துக்கொள்வார்கள், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இறங்கி ஊரைப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

எனக்கும் தோன்றியதில்லை. நாற்பத்தைந்து வயது வரையில் பேசின் பிரிட்ஜ் என்பது எனக்குக் கைகாட்டி விழாத ஓர் இடமாகவே இருந்தது. என்னை அங்கே இறங்கச் செய்தவன் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன்.

நான் வடசென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர். ஏழாம் வகுப்புக்கு விஞ்ஞானப் பாடம் நடத்துகிறேன். சென்ற பருவத்தில் பையன்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன்: "உன் வீட்டருகில் உள்ள ஒரு மரத்தைப் பார்த்து அதன் அடையாளங்களை எழுது." நாற்பது நோட்டுப் புஸ்தகங்களில் முப்பது வேப்பமரங்கள் வந்தன. வேப்பமரத்தின் அடையாளம், "அது காற்றைச் சுத்தம் செய்கிறது" என்று இருந்தது. மரத்தைப் பாராமல் பாடப் புஸ்தகத்தைப் பார்த்து எழுதியது என்று தெரிந்தும் மார்க்குப் போட்டேன். பிறகு ஒரு நோட்டு, "எங்கள் ஆயா கடைக்கு மேலே ஒரு செர்ரி மரம் இருக்கிறது" என்று ஆரம்பித்தது.

அதற்குமேல் நான் படிக்கவில்லை. சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, "செர்ரி குளிர்ப் பிரதேசத்து மரம்" என்று எழுதினேன். எழுதியதோடு விட்டிருந்தாலும் பாதகமில்லை. வகுப்பிலும் வாசித்துக் காட்டி, "பேசின் பிரிட்ஜில் செர்ரி! அடுத்த வருஷம் கொருக்குப்பேட்டையில் ஆப்பிள் காய்க்கும்" என்றேன். வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு ஆசைப்படாத உபாத்தியாயர் யார்?

பையன் உட்காரவில்லை. "சார், நீங்க செர்ரி மரம் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டான்.

பார்த்திருந்தேன். சில வருஷங்களுக்கு முன் கார்த்திகை மாதத்தில் ஷில்லாங் போயிருந்தபோது, மலைச் சரிவெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்த இமாலயச் செர்ரியை இரண்டு நாள் பார்த்து மகிழ்ந்தவன் நான். ஆகவே கம்பீரமாக, "பார்த்திருக்கிறேன்" என்றேன்.

"பழம் சாப்பிட்டீங்களா சார்?"

"இல்லை. அப்போது பூதான் இருந்தது."

"நான் தெனமும் சாப்பிடறேன் சார்" என்று சொல்லிவிட்டு அவன் உட்கார்ந்தான். இந்தத் தடவை வகுப்பு என்னைப் பார்த்துச் சிரித்தது.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு அந்த நோட்டை மறுபடி எடுத்தேன். நான் கோடு இழுத்த இடத்துக்குக் கீழே நான்கு வாக்கியங்கள் இருந்தன. இலை தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். இலையின் அடி ஒரு பக்கம் பெரிசாகவும் ஒரு பக்கம் சின்னதாகவும் இருக்கும். பூ இலைக்கு மேலே நிற்கும், காயானால் கீழே தொங்கும். பழத்துக்குள் இருக்கும் விதையை எண்ண முடியாது. நாற்பது பேரில் ஒரு மரத்தை உண்மையாகவே பார்த்து எழுதியவன் அவன் ஒருவன்தான். நான் கேட்டது அடையாளம். சுழி போட்டது பெயரைப் பார்த்து. இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை புறநகர் மின்சார வண்டியில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கினேன். பையன் பிளாட்பாரத்திலேயே காத்துக்கொண்டிருந்தான்.

ஸ்டேஷனை விட்டு மூலக்கொத்தளம் பக்கமாக நடந்தோம். பெயரில் பேசின் இருக்கிறதே, அந்தப் பேசின் எங்கே என்று பையனைக் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை, நான் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு காலத்தில் கால்வாய்ப் படகுகள் வந்து தங்கும் துறைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. 1801-ஆம் வருஷத்தில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வர்த்தகர் பட்டணத்திலிருந்து எண்ணூர் வரையில் ஒரு கால்வாய் வெட்ட ஆரம்பித்தார். 1806-இல் அது முடிந்தது. எழுபது வருஷத்துக்குப் பிறகு, தாது வருஷப் பஞ்சத்தில், பசித்த ஜனங்களுக்குக் கூலி வேலை கொடுப்பதற்காக அக் கால்வாயை அடையாற்றோடு இணைத்தார்கள். 1878-இல் அப்போதைய கவர்னரின் பெயரைச் சூட்டிப் பக்கிங்ஹாம் கால்வாய் என்றார்கள். வடக்கிலிருந்து உப்பும் விறகும் இதன் வழியே தோணியில் வந்தன. இன்று தோணியுமில்லை, உப்பு மூட்டையுமில்லை. கறுத்த நீர் அசையாமல் கிடக்கிறது. பட்டணத்துக்கு ஆதியில் மின்சாரம் கொடுத்த நிலையங்களில் ஒன்றும் இங்கேதான் புகைந்துகொண்டிருந்தது. அதன் அனல் அடங்கியும் வருஷங்கள் பல ஆயின.

பேசின் போய்விட்டது, பெயர் நிற்கிறது. சிறிது தெற்கே வால்டாக்ஸ் ரோடு இருக்கிறது. ஹைதர் அலிக்குப் பயந்து கட்டிய மதிலின் செலவுக்காகக் கும்பினியார் விதிக்க நினைத்த வரியின் பெயர் அது. அந்த வரி ஒழுங்காக வசூலாகவேயில்லை என்பது சரித்திரம். ஆயினும் ரோடு இன்றும் வரியின் பெயரையே சுமந்து நிற்கிறது. இதையெல்லாம் பையனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தபோது, என் வாயாலேயே நான் மாட்டிக்கொண்டதை உணர்ந்தேன். தண்ணீரில்லாத பேசினையும் வசூலாகாத வரியையும் மறுபேச்சின்றி ஒப்புக்கொள்கிறவன், இந்தப் பையனுடைய செர்ரியை மட்டும் ஏன் ஏளனம் செய்தேன்?

மரம் ஒரு தெருமுனையில், பழைய மதிலை ஒட்டி நின்றது. இருபத்தைந்து அடி உயரம் இருக்கலாம். கிளைகள் மேல்நோக்கிப் போகாமல், குடைக்கம்பிபோல் படுக்கையாக நீண்டு, நுனியில் சற்றே வளைந்து தொங்கின. அதன் நிழலில் ஒரு தள்ளுவண்டி. வண்டியில் ஆப்பச் சட்டி. சட்டிக்குப் பின்னால் அறுபத்தைந்து வயதிருக்கக்கூடிய ஓர் அம்மாள். பையன், "ஆயா, எங்க சாரு" என்றான். அம்மாள் எழுந்து, முந்தானையால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். நான் ஏளனம் செய்த கதை அவளுக்குத் தெரிந்திருந்ததா என்பதை முகம் காட்டவில்லை. ஆப்பம் மட்டும் இரண்டு, கேளாமலே வந்தன.

சாப்பிட்டுவிட்டு மரத்தைப் பார்க்க ஆரம்பித்தோம். பையன் ஒவ்வொன்றாகக் காட்டினான். நான் ஷில்லாங் மரத்தை நினைவுக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டேன்.

முதலில் பட்டை. அசல் செர்ரி மரத்தைப் பூவில்லாத காலத்திலும் பட்டையைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். செம்பு தேய்த்தாற்போல் பளபளக்கும் பட்டையில், குறுக்காகச் சிறு கோடுகள், வளையல் அடுக்கியதுபோல் தண்டைச் சுற்றி ஓடும். மரம் சுவாசிக்கும் துவாரங்கள் அவை. வயதான மரத்தில் பட்டை உரிந்தாலும் அந்தக் குறுக்குவாட்டிலேதான் உரியும். எங்கள் பேசின் பிரிட்ஜ் மரத்தின் பட்டையோ வெறும் சாம்பல் நிறம், வளையல் இல்லை. பையன் காய்ந்த ஒரு சிறு கிளையை ஒடித்து, பட்டையை நீளவாக்கில் நாராக உரித்துக் காட்டினான். இதே நாரில் அமெரிக்காவில் கயிறு திரித்தார்கள் என்று படித்திருக்கிறேன்.

இரண்டாவது இலை. செர்ரி இலையின் ஓரத்தில் ரம்பப் பல் உண்டு, இதற்கும் உண்டு. ஏமாறுவது இங்கேதான். ஆனால் செர்ரி இலையைத் திருப்பி, காம்பு இலையோடு சேரும் இடத்தைப் பார்த்தால், கடுகுபோல் இரண்டு சிறு புடைப்புகள் தென்படும். அவை தேன் சுரக்கும் சுரப்பிகள். செர்ரிக் குலத்தின் முத்திரை மோதிரம் என்று அவற்றைச் சொல்லலாம். எங்கள் மரத்தில் அந்த முத்திரை இல்லை. அதற்குப் பதிலாக இலை முழுவதும் மெல்லிய ரோமம். விரலில் ஒட்டும் பசை. அடியில் பையன் எழுதியிருந்த அதே கோணல். இலையை நடுநரம்பில் மடித்தால் இரு பாதியும் பொருந்தவில்லை.

மூன்றாவது பூ. இரண்டுக்கும் இதழ் ஐந்து. செர்ரி குளிர்காலத்தில் இலையுதிர்த்துவிட்டு, ஒரு மொட்டிலிருந்து பல பூக்களாக, நீண்ட காம்புகளில் கொத்தாகப் பூக்கும். ஜப்பானியச் செர்ரிகளில் இதழின் நுனி சற்றே பிளந்திருக்கும். எங்கள் மரமோ வருஷம் முழுவதும் பச்சை. வருஷம் முழுவதும் பூ. வெள்ளை இதழ்களின் நடுவே மஞ்சள் கேசரங்கள் குஞ்சம்போல் நிற்கின்றன. காலையில் விரிந்த பூ பிற்பகலில் இதழை உதிர்த்துவிடுகிறது. பூக்கும்போது இலைக்கு மேலே தலை நிமிர்ந்து வண்டை அழைக்கிறது. காரியம் முடிந்ததும் காம்பு வளைந்து, காய் இலைக்குக் கீழே மறைகிறது. இதைக் கவனிக்க நான் அரை மணி நேரம் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. பையன் ஒரே வாக்கியத்தில் எழுதியிருந்தான்.

நான்காவது பழம். இதில் வாதத்துக்கே இடமில்லை. செர்ரிக்குள் ஒரே கொட்டை, மாங்கொட்டைபோல் கெட்டியானது. எங்கள் மரத்துப் பழத்தை அழுத்தினால் கூழ் வெளியே வருகிறது. அந்தக் கூழில் மணலினும் நுண்ணிய விதைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கர்நாடகத்தில் இதைக் கசகசாப் பழம் என்றே அழைக்கிறார்கள். வாயில் போட்டேன். வெல்லப் பாகும் அத்திப்பழமும் கலந்தாற்போன்ற தித்திப்பு. தினமும் சாப்பிடுகிறேன் என்று அவன் பெருமைப்பட்டது நியாயம்தான்.

ஆகவே மரம் செர்ரியன்று. முண்டிங் என்ற டச்சுத் தாவர நூலாசிரியரின் நினைவாக, லின்னேயஸ் பண்டிதர் 1753-இல் இதற்கு முண்டிங்கியா கலபுரா என்று பெயர் சூட்டினார். தாயகம் மெக்ஸிகோவும் அதற்குத் தெற்கே உள்ள வெப்ப நாடுகளும். தமிழில் தேன்பழம் என்றும் சர்க்கரைப்பழம் என்றும் சொல்கிறோம். இலங்கையில் ஜாம் பழம். மலேயாவில் இதன் பெயர் செரி. ஜாவாவில் கெர்ஸென் என்கிறார்கள். டச்சு மொழியில் அந்தச் சொல்லுக்குச் செர்ரி என்றே பொருள். குளிர்நாட்டிலிருந்து வந்தவர்கள், சிவந்து உருண்ட ஒரு பழத்தைக் கண்டு, பிறந்த ஊரை நினைத்து வைத்த பெயராக இருக்க வேண்டும். அது கடல் கடந்து வந்து இந்தப் பையன் வாயிலும் நுழைந்திருக்கிறது. அவனுடைய தவறு அவ்வளவு பழமையானது. அவ்வளவு பெரிய மனிதர்கள் செய்தது.

அசல் செர்ரி இங்கே ஏன் வளராது என்று பையன் கேட்டான். காச்மீரத்தில் கிலாஸ் என்று விற்கும் அந்தப் பழமரத்தின் பெரும்பாலான வகைகள், குளிர்காலத்தில் ஏறக்குறைய 1000 மணி நேரம் கடுங்குளிரில் உறங்கி எழுந்தால்தான் பூக்கும். நம் ஊர் மார்கழியில் அப்படிப்பட்ட குளிர் ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. அம் மரத்தைக் கொண்டுவந்து இங்கே நட்டால், தூங்கவும் முடியாமல் விழிக்கவும் முடியாமல் தவிக்கும்.

வீட்டில் குழந்தைகள் உள்ள நேயர்களுக்கு இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சென்னையில் செர்ரி என்ற பெயரோடு உலவுகிறவை இன்னும் சில உண்டு. கேக்கின்மேல் சிவப்பாகப் பதித்திருக்கும் செர்ரி பெரும்பாலும் நம் களாக்காய். பாகில் ஊறவைத்துச் சாயமேற்றியது. களாச்செடியில் முள் இருக்கும். இலையைக் கிள்ளினால் பால் வரும். நர்ஸரிகளில் மேற்கிந்தியச் செர்ரி என்று விற்பதில் இலைகள் எதிரெதிராக இருக்கும். பழத்துக்குள் மூன்று விதை. மாசி பங்குனியில் இலையின்றி இளஞ்சிவப்பாகப் பூத்து, "பெங்களூரில் செர்ரி பூத்துவிட்டது" என்று படமெடுக்கச் செய்யும் மரமும் செர்ரியன்று, அது தபெபுயா. அதன் பூவில் தனித்தனி இதழ் இல்லை, முழுவதும் ஒரே ஊதுகுழல். இலையோ விரித்த கைபோல் ஐந்து பிரிவு. ஆகவே பெயர்ப் பலகையை நம்பாமல் விதையை எண்ணுங்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். பத்து வயதுக் குழந்தைக்கும் இது போதும்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை ஆயா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அப்போ இது செர்ரி இல்லியா சாமி?" என்றாள்.

"இல்லை அம்மா. தேன்பழ மரம்."

அவள் முகம் வாடிவிட்டது. ஏன் என்று கேட்டேன். பழைய மதில் சாய்ந்துவிட்டதாம். புதிய சுவர் வரப்போகிறதாம். போன வாரம் இரண்டு பேர் நாடா பிடித்து அளந்துவிட்டு, சுவர் மரத்தின் வழியாகப் போகும் என்றார்களாம். "இன்னா மரம்?" என்று கேட்டதற்கு, "செர்ரி மரம்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். ஒருவர், "செர்ரியா!" என்று வியந்து, நோட்டில் எழுதிக்கொண்டு போனாராம். "ஒசந்த மரம்னு நெனைச்சு உட்டுடுவாங்கன்னு இருந்தேன். இப்போ நீங்க இல்லேன்னு சொல்றீங்களே" என்றாள்.

எனக்கு நா எழவில்லை. வகுப்பில் ஒரு பையனைத்தான் சிரிக்க வைத்தோம் என்று எண்ணியிருந்தேன். ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பமே நிழலில் நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

மரத்தின் வரலாற்றை அவளே சொன்னாள். முன்பு அந்த இடத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்ததாம். 2016-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் வர்தா புயல் அடித்தபோது அது வேரோடு சாய்ந்தது. அன்று பட்டணத்தில் விழுந்த ஆயிரக்கணக்கான மரங்களில் அதுவும் ஒன்று. அடுத்த கோடையில் வெயிலில் நின்றே ஆப்பம் சுட்டிருக்கிறாள். அதற்குப் பின், மதிலின் விரிசலில் ஒரு செடி தலைகாட்டியது. யாரும் நடவில்லை, யாரும் நீர் ஊற்றவில்லை. பழம் தின்ற குருவியோ வௌவாலோ விதைத்துவிட்டுப் போனது. இரண்டு வருஷத்துக்குள் காய்த்துவிட்டது. நாங்கள் பேசும்போதே கட்டைவிரல் அளவுள்ள மலர்கொத்திக் குருவி ஒன்று கிளைக்குக் கிளை தாவி, டிக் டிக் என்று சப்தமிட்டுக்கொண்டிருந்தது. சாம்பலும் கரித்தூளும் படிந்த மண்ணில், கால்வாயின் நாற்றத்துக்கு நடுவில், சிபாரிசு ஒன்றுமின்றி முளைத்து நிழலும் பழமும் கொடுப்பதற்கு, இதைப்போல் இன்னொரு மரம் உடனே என் நினைவுக்கு வரவில்லை.

அன்னிய நாட்டு மரம்தானே, போனால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். காட்டில் இது பரவுவது நல்லதன்று என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெருமுனை காடல்ல. நம் சமையலறை மிளகாயும், வாசலில் கூவி விற்கும் கொய்யாவும், பாயசத்து முந்திரியும் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதாம். யாரும் அவற்றைப் பந்தியிலிருந்து எழுப்புவதில்லை.

நோட்டுப் புஸ்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். மரத்தின் பெயர்: தேன்பழ மரம், சாஸ்திரப் பெயர்: முண்டிங்கியா கலபுரா, உயரம் சுமார் 25 அடி, வருஷம் முழுவதும் நிழலும் பழமும் தருவது, பறவைகள் நாடி வருவது, சுவரை இரண்டு அடி உள்ளே தள்ளிக் கட்டினால் மரமும் பிழைக்கும், வேரால் சுவருக்கும் சேதம் குறையும். கீழே என் பெயரையும் பட்டத்தையும் எழுதிக் கையெழுத்திட்டேன். என் பட்டத்தால் அதுவரை யாருக்கும் நிழல் கிடைத்ததாக ஞாபகமில்லை. ஆயா தாளை வாங்கி, இரண்டாக மடித்து, சில்லறை டப்பாவின் அடியில் பத்திரப்படுத்தினாள். பிறகு பையனிடம், "செர்ரின்னு ஒரு வரி எழுதச் சொல்லுடா சாரை" என்றாள். வாங்கி, "இவ்வட்டாரத்தில் செர்ரி என்று வழங்கப்படுவது" என்று சேர்த்துக் கொடுத்தேன். அதிலும் பொய் ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் அந்த நோட்டிலிருந்த நான்கு அடையாளங்களையும் உரக்க வாசித்தேன். பெயர் மட்டும்தான் தவறு, மற்றவை முழுவதும் சரி, பத்துக்கு ஒன்பது என்றேன். சிரித்தது என் தவறு என்றும் சொன்னேன். வகுப்பு இந்தத் தடவை சிரிக்கவில்லை. இப்போது பையன்கள் இலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். முப்பது வேப்பமரங்களில் இரண்டு, மலைவேம்பு என்று தெரிந்தது.

சுவர் வேலை இதை எழுதும்வரை ஆரம்பமாகவில்லை. அளந்தவர்களும் திரும்ப வரவில்லை. அடுத்த தடவை உங்கள் வண்டி பேசின் பிரிட்ஜில் நின்றுவிட்டால், கடிகாரத்தைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே மதிலோரமாகப் பாருங்கள். குடைபோல் கிளை பரப்பி, இலைக்கு மேலே வெள்ளைப் பூவும் கீழே சிவப்புப் பழமுமாக ஒரு மரம் தென்பட்டால், அதன் பெயர் என்னவென்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அங்குள்ளவர்கள் வேறு பெயர் சொன்னால், அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.